நாடகச் சண்டையில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில், மீன் கடைக்கு முன்னால் ஓர் அக்காவைப் பார்த்தேன். தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களைப் பற்றிப் பேசும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து வருடமாக இருந்தவர். ஒருநாள் ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட்டார். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் நாடகத்தைப் பத்திச் சொன்னேன். அந்தத் தம்பி என்னைப் பத்திச் சொல்லிட்டான்.” அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மீனை வெட்டக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

நடந்தது இவ்வளவுதான். நாயகி வீட்டைவிட்டுக் கிளம்பும் காட்சி. “மாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்” என்று அக்கா எழுதினார். “உங்க தலைமுறை இப்படி அடங்கிப் போனதாலதான் எங்க அம்மாங்க எல்லாம் கஷ்டப்பட்டாங்க” என்று தம்பி பதில் போட்டார். அதற்குக் கீழே பதினொரு பேர் கைதட்டும் எமோஜி போட்டார்கள். அதில் ஒன்று என்னுடையது. அந்தத் தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் கோபப்பட வேண்டியது கதை எழுதியவர் மேல். அக்கா தன் புகுந்த வீட்டில் மருமகளாக இருந்து என்ன பட்டார் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

நாடகத்தை விட்டுவிட்டு ஆளை விமர்சிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. எந்த ஊரிலும் இது தவறுதான், ஆனால் இந்த ஊரில் அதன் விலை கூடுதல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடு. 2010-இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. இத்தனை சிறிய கூட்டத்தில், ராத்திரி நீங்கள் திட்டிய ஆள் மறுநாள் உங்கள் புளோக் மின்தூக்கியில் நிற்பார். இல்லாவிட்டால் உங்கள் பிள்ளையின் தமிழாசிரியருக்குத் தங்கையாக இருப்பார். தமிழ் நாடகத்தைப் பற்றித் தமிழிலேயே அரை மணி நேரம் பேச ஆள் கிடைப்பதே இங்கே அரிது. அப்படிப்பட்டவர்களில் ஒருவரை ஒரே வரியில் இழந்துவிட்டோம். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வாக்கியத்தில் “நீங்க”, “உங்க தலைமுறை”, “உங்க ஊர்க்காரங்க” என்று இருந்தால் அதை எடுத்துவிட்டு, பாத்திரத்தின் பெயரைப் போட்டு மறுபடி எழுதுங்கள். சொல்ல வந்த கருத்து அப்படியே இருக்கும்.

அடுத்தது டிஆர்பி, அதாவது ஒரு நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் எண். வியாழக்கிழமை ஆனால் போதும், ஒரு வண்ண அட்டை வந்து விழும்: முதலிடம் இது, இரண்டாமிடம் அது. உடனே “பார்த்தீங்களா, மக்கள் எங்க பக்கம்” என்று ஆரம்பித்துவிடுவோம். அந்த எண்ணை வெளியிடுவது, தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் இந்தியாவின் பார்க் (BARC) அமைப்பு. இந்தியா முழுவதும் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் கருவி வைத்து, அங்கே எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கணக்கெடுத்து, மொத்தப் பார்வையாளர்களை மதிப்பிடுகிறார்கள். சிங்கப்பூரில் நாம் சந்தா கட்டிப் பார்க்கும் சன் டிவியோ விஜய் டிவியோ அந்தக் கணக்கில் ஓர் இம்மிகூடச் சேராது. உட்லண்ட்ஸிலும் ஈசூனிலும் நாற்பது பேர் விடிய விடிய விழித்திருந்து பார்த்தாலும் அந்த எண் நகராது. அதை ஆயுதமாக வைத்து நமக்குள் அடித்துக்கொள்வதில் எந்த அர்த்தமும் இல்லை.

அப்படியும் எண்ணைப் பேசியே ஆக வேண்டும் என்றால் அட்டையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எந்த வாரம், எந்தப் பகுதி, எந்த அளவுகோல். பார்க் அமைப்பின் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும், கணக்கு வருவது அதற்கு அடுத்த வியாழன். நகரத்தை மட்டும் எடுத்த கணக்கும் கிராமத்தையும் சேர்த்த கணக்கும் வேறு வேறு. இவை எதுவும் இல்லாமல் வெறும் புள்ளி எண் மட்டும் போட்டிருந்தால் அந்த அட்டையை யார் வேண்டுமானாலும் கைப்பேசியிலேயே செய்திருக்கலாம். நானே ஒருமுறை பழைய வாரத்து அட்டையைப் புதிது என்று நம்பி அனுப்பி, ஒரு நல்ல நண்பரைப் பொய்யர் ஆக்கிவிட்டேன். அவர் சொன்ன எண்தான் சரி.

சரி, அரசியலுக்கு வருவோம். பேச்சு சூடானதும் யாராவது ஒருவர் “இங்க அரசியல் வேணாம்” என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அதுவும் ஒரு தவறு என்பேன். தமிழ்த் தொலைக்காட்சி அரசியலோடு சேர்ந்தே வளர்ந்தது. 1993-இல் சன் டிவியைத் தொடங்கிய கலாநிதி மாறன், கருணாநிதியின் சகோதரியின் பேரன். 1999-இல் அதிமுக பக்கம் ஜெயா டிவி வந்தது. 2007-இல் கருணாநிதி குடும்பத்துக்குள் பிளவு வந்தபோது கலைஞர் டிவி பிறந்தது. 2017-இல் பிக் பாஸ் தமிழைத் தொகுத்து வழங்க ஆரம்பித்த கமல்ஹாசன் 2018 பிப்ரவரியில் மதுரையில் கட்சி தொடங்கினார், அதற்குப் பிறகும் அதே மேடையில் வாராவாரம் நின்றார். எந்த அலைவரிசையின் செய்தி எதைச் சொல்லும், எதை விடும் என்பதற்கு இதிலெல்லாம் விடை இருக்கிறது. இதைப் பேசாமல் நாடகத்தையோ நிகழ்ச்சியையோ முழுதாகப் பேச முடியாது. பேசலாம், நன்றாகவே பேசலாம். ஒருவருக்குப் பிடித்த அலைவரிசையை வைத்து அவர் இந்தக் கட்சிக்காரர் என்று முத்திரை குத்துவதுதான் கூடாது. எங்கள் குழுவில் சன் டிவி பார்ப்பவர்களில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதற்குக் காரணம், அம்மா பார்த்தார் என்பது மட்டுமே.

தமிழ்நாட்டு அரசியலையும் இந்த நாட்டு அரசியலையும் ஒரே மூச்சில் பேசுவது வேறு வகைத் தவறு. குழுவில் குடிமக்கள் இருக்கிறார்கள். வேலை அனுமதியில் வந்த தம்பிகளும், ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவர்களும் இருக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பிக்குத் தமிழ்நாட்டில் ஓட்டு உண்டு, இங்கே கிடையாது. எனக்கு இங்கே உண்டு, அங்கே கிடையாது. இது தெரியாமல் “உனக்கென்ன தெரியும், நீ வெளியாள்” என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்கிறோம். சட்டமும் இதில் வேறுபடுத்துகிறது. தேர்தல் காலத்தில் வெளிநாட்டவர் இணையத்தில் தேர்தல் விளம்பரம் வெளியிட 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தடை இருக்கிறது. 2025 மே 3 பொதுத் தேர்தலுக்கு முன்பு வெளிநாட்டவர் சிலரின் ஃபேஸ்புக் பதிவுகளை இங்குள்ளவர்கள் பார்க்க முடியாதபடி தடுக்க அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். வேலை அனுமதியில் இருக்கும் ஒருவரை வாதத்தில் சீண்டி, “தைரியம் இருந்தால் பொதுவில் எழுது” என்று உசுப்புவது அவர் பிழைப்போடு விளையாடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சண்டையில் ஜெயிக்க முடியாதபோது எதிராளியின் கைப்பேசி எண், வேலை பார்க்கும் இடம், படம் எல்லாவற்றையும் எடுத்து இன்னொரு குழுவில் போடுகிறார்கள். துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நடிகரையும் பாத்திரத்தையும் குழப்பிக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானபோது, அதுவரை அவரைத் திட்டித் தீர்த்தவர்களே கண்கலங்கி எழுதினார்கள். அன்றைக்குக் காட்டிய அந்தப் பக்குவம் உயிரோடு இருக்கும் நடிகைகளுக்கும் கிடைக்கலாம்.

அப்புறம் நேரம். சென்னையில் இரவு 9.30 என்றால் இங்கே நள்ளிரவு 12. அங்கே சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக எழுதுகிற ஆளுக்கு, இங்கே காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய ஆள் தூக்கக் கலக்கத்தில் பதில் போடுகிறார். எங்கள் குழுவில் நடந்த மோசமான சண்டைகளை எண்ணிப் பார்த்தேன், அக்காவுடைய அந்த ராத்திரி உட்பட எல்லாமே 12 மணிக்கு மேல் நடந்தவை. இப்போது நள்ளிரவுக்கு மேல் நிர்வாகிகள் மட்டும் எழுத முடியும் என்று மாற்றி வைத்திருக்கிறோம். காலையில் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து படிக்கும்போது பாதிக் கோபம் போய்விடுகிறது.

தவறு நடந்துவிட்டால் மன்னிப்பை எங்கே கேட்பது என்பதிலும் தவறுகிறோம். நாற்பது பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு, தனிச்செய்தியில் சாரி சொல்கிறோம். அவமானம் எங்கே நடந்ததோ அங்கேயே கேட்க வேண்டும். மீன் கடையில் அக்காவைப் பார்த்த அன்று மாலை தம்பியிடம் பேசினேன். அவர் குழுவிலேயே எழுதினார், சாக்குப்போக்கு இல்லாமல் மூன்று வரி. கைதட்டியதற்காக நானும் அதன் கீழே மன்னிப்புக் கேட்டேன். இரண்டையும் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. இன்னும் குழுவுக்குத் திரும்பவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது: “இன்னைக்கு எபிசோடு பார்த்தியா? அந்தப் பொண்ணு பேசினது சரிதான்னு தோணுது.”