புது கார் வாரண்டி: கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள்

சர்வீஸ் அட்டவணையில் '10,000 கி.மீ. அல்லது 12 மாதம்' என்று இருந்தால், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வண்டி 3,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்று ஒன்றரை வருஷம் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஓடாத வண்டியிலும் ஆயில் கெடும். குறைந்த தூரம் மட்டும் ஓட்டினால் எஞ்சின் சரியாகச் சூடேறாமல் ஆயிலில் ஈரம் சேரும். பிறகு எஞ்சினில் கோளாறு வந்தால், சர்வீஸ் தவறியதைக் காட்டியே கிளெய்மை மறுப்பார்கள்.

இலவச சர்வீஸ் என்றால் பெரும்பாலும் லேபர் மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டருக்குக் காசு உண்டு. அதை மிச்சம் பிடிக்க நினைத்து சர்வீஸையே தள்ளிப்போட வேண்டாம்.

பில் வாங்கும்போது தேதி, ஓடோமீட்டர் ரீடிங், ஊற்றிய ஆயிலின் கிரேடு மூன்றும் இருக்கிறதா பாருங்கள். மேனுவலில் 0டபிள்யூ-20 என்றிருந்தால் பில்லிலும் அதுவே இருக்க வேண்டும். ஜாப் கார்டு (வண்டியை விடும்போது குறைகளையும் செய்ய வேண்டிய வேலைகளையும் சர்வீஸ் சென்டர் எழுதும் தாள்) நகலையும் போட்டோ எடுத்து வையுங்கள். சத்தம், லீக் எதுவானாலும் வாயால் சொன்னால் போதாது, ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாரண்டி முடிந்தபின் அதே கோளாறு திரும்பினால் அந்த வரிதான் கைகொடுக்கும்.

வெளியே ஸ்டீரியோ, ஃபாக் லேம்ப் மாட்டுவதானால் வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளக்) சொருகும் வகையாகக் கேளுங்கள். வெட்டிய வயர் தெரிந்தால் எலக்ட்ரிக்கல் வாரண்டிக்குச் சிக்கல்தான்.

பிரேக் பேட், வைப்பர், கிளட்ச் பிளேட் எல்லாம் தேய்மானப் பொருள்கள். அவற்றுக்கு வாரண்டியை நம்ப வேண்டாம்.