ராத்திரி தண்ணீர் கேட்கும் குழந்தை: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது இருக்கும்போது, தினமும் ராத்திரி இரண்டு மணி வாக்கில் எழுந்து "ண்ணி, ண்ணி" என்று அழுவான். நான் கண்ணைக்கூடத் திறக்க மாட்டேன். தலைமாட்டில் இருக்கும் பாட்டிலைத் தடவி எடுத்து, படுத்திருக்கிற பிள்ளையின் வாயில் வைத்துவிடுவேன். உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிடுவான். ஒரு நாள் அப்படிக் கொடுத்தபோது புரையேறிவிட்டது. தூக்கி நிமிர்த்தி, லைட்டைப் போட்டுப் பார்த்தால் முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி, பனியன் கழுத்துப் பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இருமி இருமி அவனாகவே சரியாகிவிட்டான். என் கை நடுக்கம் நிற்கத்தான் வெகு நேரம் ஆனது. தண்ணீர்தானே, அதைக் கொடுப்பதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு அன்றோடு போய்விட்டது.

படுக்க வைத்தபடி கொடுப்பதுதான் முதல் தவறு. நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசலை ஒரு சிறு மூடி வந்து அடைக்கிறது. மூச்சும் விழுங்குதலும் மாறி மாறி நடக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அந்த ஒழுங்கு தவறிப்போகும். பாட்டிலைச் சாய்த்தால் தண்ணீர் தானாக வந்துகொண்டே இருக்கும், நிறுத்தவும் அதற்குத் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: கண் விழித்து, என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரைத் தன் கையால் பிடிக்கிற அளவுக்கு முழிப்பு வந்திருந்தால் தண்ணீர். இல்லையென்றால் இல்லை. பாட்டில் கிடையாது, சின்ன எவர்சில்வர் டம்ளர். அதிலும் கால் டம்ளர்தான் ஊற்றுவேன். இரண்டு மூன்று வாய் குடித்துவிட்டு அவனே தள்ளிவிடுவான்.

புரையேறினால் நம் வீடுகளில் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு வாய் தண்ணீரை ஊற்றுவார்கள். அதைச் செய்ய வேண்டாம். குழந்தை சத்தமாக இருமுகிறது என்றால் காற்று போய் வருகிறது என்று பொருள். நிமிர்த்தி, கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ அது வேறு விஷயம். குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும்.

சரி, அழுகிற குழந்தைக்கு உண்மையிலேயே தாகமா? இங்கேதான் நான் பல மாதம் ஏமாந்தேன். சின்னக் குழந்தைகள் ராத்திரியில் பல முறை அரைகுறையாக விழிப்பார்கள். அது இயல்பு. வியர்த்திருக்கலாம், டயப்பர் கனத்திருக்கலாம், பல் முளைக்கிற வலியாக இருக்கலாம், சும்மா அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்ப்பதாகவும் இருக்கலாம். ஒவ்வொரு விழிப்புக்கும் பாட்டிலை வைத்தால், உறிஞ்சாமல் தூக்கம் வராது என்று குழந்தை பழகிவிடும். அப்புறம் அது தாகத்துக்குக் கேட்பதில்லை, தூங்குவதற்குக் கேட்கிறது. குடித்த தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் டயப்பரை நனைக்கும், ஈரத்தில் மறுபடி விழிக்கும், நாம் மறுபடி பாட்டிலை எடுப்போம். என் மகன் ஒரே ராத்திரியில் ஒரு பாட்டிலைக் காலி செய்தது இப்படித்தான். அதனால் முதலில் பிடரியில் கை வைத்து வியர்வை இருக்கிறதா என்று பாருங்கள். சட்டையைத் தளர்த்துங்கள், டயப்பரைத் தொட்டுப் பாருங்கள், முதுகில் தட்டிக் கொடுங்கள். அதன் பிறகும் கேட்டால் தண்ணீர் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் பத்து நாளில் பாதி அழுகை குறைந்தது.

இதற்கு நேர் எதிரான தவறு, ராத்திரி தண்ணீரே கூடாது என்று மறுப்பது. "ராத்திரில பச்சைத் தண்ணி குடுக்காதடி, நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்று என் அம்மா இன்றைக்கும் சொல்வார். சளி பிடிப்பது வைரஸ் தொற்றால். அறை வெப்பத்தில் இருக்கிற தண்ணீரால் அல்ல. வெதுவெதுப்பாகக் கொடுப்பது சிலருக்கு இதமாக இருக்கும், கொடுக்கலாம். ஆனால் வெந்நீர் இல்லை என்பதற்காகத் தாகத்தோடு படுக்க வைக்க வேண்டியதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் கரண்ட் போய், ஃபேன் நின்று, பாய் வரைக்கும் நனைந்துபோகிற அளவு வியர்த்த குழந்தை தண்ணீர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

படுக்கையை நனைப்பான் என்று மறுப்பவர்களும் உண்டு. ஐந்து வயதுக்கு முன் ராத்திரியில் நனைப்பது மிகச் சாதாரணம். அதற்காகத் தண்ணீரை நிறுத்துவதோ, திட்டுவதோ நியாயமே இல்லை. பகலில் போதுமான அளவு குடித்தாலே ராத்திரித் தாகம் தானாகக் குறையும். ஒன்று முதல் மூன்று வயதுவரை ஒரு நாளைக்குத் தண்ணீர், பால், ரசம், பழம், சாதம் எல்லாவற்றிலும் இருக்கும் நீரைச் சேர்த்து ஏறக்குறைய 1.3 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. அளந்து ஊற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதும். சாயங்காலம் மிக்சரும் சிப்ஸும் கொடுத்துவிட்டு, ராத்திரி ஏன் இவ்வளவு தாகம் என்று யோசித்த நாட்களும் எனக்கு உண்டு. உப்புத் தின்றால் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்தப் பேச்சே வேண்டாம். தாய்ப்பாலில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், கோடையிலும் அதுவே போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். அந்த வயதில் தண்ணீர் கூடினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புவரை போகலாம். பால் பவுடர் சீக்கிரம் தீர்ந்துவிடாமல் இருக்கத் தண்ணீரைக் கூட்டிக் கலப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு, ஒரு வயதுவரை, சாப்பாட்டோடு சில வாய், நாள் முழுக்கச் சேர்த்து 120 முதல் 240 மில்லி போதும்.

பாட்டிலில் தண்ணீர்தான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ராத்திரி அழுகையை நிறுத்தப் பால், குளுக்கோஸ், கல்கண்டுத் தண்ணீர், ஜூஸ் என்று ஊற்றுகிறோம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறையும். பல்லைக் கழுவிக் காக்கிற வேலையைச் செய்வது அந்த எச்சில்தான். இனிப்பு பல்லின் மேல் தங்கினால் கிருமிகள் அதை அமிலமாக்கி அரிக்கத் தொடங்கும். மேல் வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். உதட்டைத் தூக்கி வாரம் ஒரு முறை பாருங்கள். பழுப்பான பிறகு போனால் சிகிச்சை பெரிதாகிவிடும். பால் கொடுக்க வேண்டுமென்றால் பல் துலக்குவதற்கு முன்னால் கொடுத்துவிட்டு, துலக்கிய பின் வெறும் தண்ணீர் மட்டும். ஒரு வயதுக்குள் தேன் கலந்த தண்ணீர் கூடவே கூடாது. நரம்புகளைத் தாக்கும் ஒரு கிருமி தேனில் இருக்கக்கூடும்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் ராத்திரிகள் வேறு கணக்கு. அப்போது தண்ணீரைக் குறைக்கவே கூடாது. வயிற்றுப்போக்குக்கு வெறும் தண்ணீரும் போதாது, ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் வேண்டும். ஒரு லிட்டர் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் ஒரு சிட்டிகை என்று கை அளவில் கலந்தால் உப்பு கூடியோ குறைந்தோ போகும், இரண்டுமே கெடுதல். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பாத்திரத்துக்கு வருகிறேன். தினமும் கழுவுகிறோமே என்று நம்பியிருந்த சிப்பரின் ரப்பர் வால்வை ஒரு நாள் ஊசியால் நெம்பி எடுத்தேன். அடியில் கறுப்பாகப் பூஞ்சை. அன்றைக்கே அது குப்பைக்குப் போனது. உறிஞ்சும்போது எச்சில் உள்ளே போகும், அந்தத் தண்ணீரைக் காலைவரை வைத்திருந்து கொடுப்பது சரியில்லை. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீர், அதே பாத்திரத்தில் மூடி போட்டு ஆறியது, அது போதும். ஃபிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறவர்கள் அதைக் குழந்தையின் கை எட்டாத அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். இழுத்து மேலே கொட்டிக்கொள்ள ஒரு நொடி போதும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது பழைய தண்ணீர் பாட்டில்கள். மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட் என்று எதையாவது அதில் ஊற்றி ஓரமாக வைத்திருப்போம். இருட்டில் கை தடவி எடுக்கும் நமக்கும் வித்தியாசம் தெரியாது, தவழ்ந்து போய் எடுக்கும் குழந்தைக்கு நிச்சயம் தெரியாது. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள். ராத்திரி தண்ணீர் கொடுக்கும்போது ஒரு சிறு விளக்காவது எரியட்டும். தப்பித் தவறி குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியாக, தாகம் உண்மையாகவே இருந்து, அது புதிதாகவும் இருந்தால் கவனிக்க வேண்டும். மூக்கடைத்து வாய் வழியாக மூச்சு விடும் குழந்தைக்கு வாய் காய்ந்து ராத்திரி எழுந்து கேட்கும். குறட்டையும் சேர்ந்து நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் பகலிலும் ராத்திரியிலும் சொம்பு சொம்பாகக் குடித்து, டயப்பர் வழிகிற அளவு சிறுநீர் போய், உடம்பும் இளைத்துச் சோர்ந்து கிடந்தால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம். இரண்டு வயதிலும் அது வரும். வெயில் காலம், அதனால்தான் குடிக்கிறான் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டால் குழந்தை மயங்கி விழும் நிலைக்குப் போய்விடலாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும். அந்தச் சோதனையைச் சந்தேகம் வந்த அன்றைக்கே செய்துவிடுங்கள்.