ஒரே நோயாளியிடம் பல முறை எடுத்த அளவுகளை அலசுவது எப்படி

ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப எடுத்த சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கையில் இருந்தால், எல்லா வரிகளையும் கொட்டி நேராக டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டுவிடாதீர்கள். புள்ளியியலுக்கான ஆர் (R) மென்பொருளின் சர்வைவல் (survival) தொகுப்பில் இருக்கும் பிபிசிசெக் (pbcseq) தரவை எடுத்துப் பழகுங்கள். பித்தநாளங்களை அரிக்கும் ஒரு கல்லீரல் நோய்க்கு 1974 முதல் 1984 வரை மேயோ கிளினிக் நடத்திய ஆய்வு அது. ஒரு விசிட்டுக்கு ஒரு வரி என்று 1945 வரிகள், ஆனால் ஆட்கள் 312 பேர்தான். 1945 பேர் என்று கணக்குப் போட்டால் ஆய்வில் கொடுத்த மருந்துக்கும் போலி மருந்துக்கும் இடையே இல்லாத வித்தியாசம்கூட இருப்பதுபோலத் தெரியும்.

முதலில் படம் வரையுங்கள், ஆளுக்கொரு கோடு. பிலிருபினை (கல்லீரல் பழுதானால் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறப்பொருள்) வரைந்தால் பெரும்பாலான கோடுகள் அடியிலேயே ஒட்டிக்கிடக்கும், சில மட்டும் 20ஐத் தாண்டி எகிறும். அதனால் லாக் (இயல் மடக்கை) எடுத்துவிட்டு மறுபடி வரையுங்கள். கோடுகள் விரிந்து, ஓரளவு நேராகவும் ஆகிவிடும். இந்தப் படத்தைப் பார்க்காமல் மாடல் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

அப்புறம் மிக்ஸட் மாடல். 1982இல் லேர்ட், வேர் இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மருத்துவ ஆய்வுகளில் பரவலான முறை இது. ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு தொடக்க அளவு, தனியாக ஒரு சாய்வு, அதாவது காலப்போக்கில் ஏறும் அல்லது இறங்கும் வேகம். இரண்டே முறை வந்தவரின் சாய்வை நம்ப முடியாதென்பதால் மாடலே அதை எல்லோருடைய சராசரிப் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். காலத்தை 'முதல் விசிட், இரண்டாம் விசிட்' என்று போடாதீர்கள், யாரும் சொன்ன தேதியில் வருவதில்லை. உண்மையான நாட்களை 365.25ஆல் வகுத்து ஆண்டாக்கிக்கொள்ளுங்கள், மாடல் ஒழுங்காக முடிவுக்கு வரவும் இது உதவும். லாக் அளவில் சாய்வு 0.1 என்று வந்தால் பிலிருபின் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் ஏறுகிறது என்று பொருள். மருந்து வேலை செய்ததா என்பதை மருந்தும் காலமும் சேர்ந்த பெருக்கல் உறுப்பில் பாருங்கள், இரண்டு குழுக்களின் சாய்வுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

தனி ஆளின் போக்கு வேண்டாம், மொத்தக் கூட்டத்தின் சராசரி போதும் என்றால், ஒரே ஆளின் அளவுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதையும் கணக்கில் எடுக்கும் ஜிஇஇ (GEE) முறை சரிப்படும். ஆனால் பாதியில் நின்றவர்கள் அதிகமிருந்தால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

பாதியில் நின்ற கோடுகள்தான் பெரிய சிக்கல். இந்தத் தரவில் பல கோடுகள் நிற்பதற்குக் காரணம் அந்த நோயாளி இறந்துபோனது, அதுவும் பிலிருபின் ஏறிக்கொண்டிருந்தவர்களே அதிகம். கடைசி அளவையே இழுத்து நிரப்பினால், மோசமாகிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் நிலைத்துவிட்டதாகப் பொய்க்கணக்கு ஆகிவிடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விட்டுப்போனதற்கான காரணம் ஏற்கெனவே பதிவான அளவுகளிலேயே தெரிகிறது என்றால் மிக்ஸட் மாடல் சமாளிக்கும். அதற்கு மேல் சந்தேகமிருந்தால் பிலிருபினையும் இறப்பையும் ஒன்றாகக் கணக்கிடும் ஜாயின்ட் மாடலுக்குப் போங்கள், ஆரின் ஜேஎம்பேய்ஸ்2 (JMbayes2) தொகுப்பில் இதே நோயாளிகளின் தரவை வைத்தே செய்து காட்டியிருக்கிறார்கள்.