மேயர் தேர்தலில் நிற்பவர் போடவேண்டிய முதல் கணக்கு

சுவரொட்டி அடிப்பதற்கு முன் எத்தனை ஓட்டு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். வாக்காளர் 2,00,000 பேர், கடந்த 3 தேர்தல்களின் சராசரி வாக்குப்பதிவு 35 சதவீதம் என்றால் பதிவாவது 70,000. நேரடிப் போட்டியில் ஜெயிக்க 35,001 போதும். இலக்கை 38,000 என்று வையுங்கள். மூன்று பேர் மோதினால் இந்த எண் இறங்கும், ஆனால் பாதிக்கு மேல் பெறாவிட்டால் இரண்டாம் சுற்று என்ற விதி இருந்தால் இறங்காது. விதியைப் படித்துவிட்டே எண்ணைத் தொடுங்கள்.

வேட்புமனுவுக்கு முன்மொழிபவர் கையெழுத்து கேட்டால், கேட்டதைவிட ஒன்றரை மடங்கு வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர், பழைய முகவரி எழுதியவர், இன்னொரு வேட்பாளருக்கும் போட்டவர் என்று கணிசமானவை தள்ளுபடியாகும். அன்றன்று மாலையே பட்டியலோடு ஒப்பிட்டால் கடைசி நாளில் ஓடவேண்டாம்.

தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனிப் பொருளாளர். சொந்தப் பணத்தோடு கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

வீடு வீடாகப் போவதுதான் உண்மையான வேலை. ஒருவர் மணிக்கு சுமார் 15 கதவு தட்டலாம். திறப்பது மூன்றில் ஒன்று. பத்துப் பேர் மூன்று மணி நேரம் நடந்தால் 150 உரையாடல், அவ்வளவே. ஆகவே எல்லாத் தெருவும் வேண்டாம். தவறாமல் ஓட்டுப் போடுபவர், இன்னும் முடிவெடுக்காதவர் பக்கம் முதலில் போங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் 1 முதல் 5 வரை ஆதரவு எண் குறியுங்கள் (1 என்றால் உறுதியான ஆதரவு, 5 என்றால் உறுதியான எதிர்ப்பு). குறிக்காத தெரு நடக்காத தெருதான். வாக்குப்பதிவு நாளில் கூப்பிடவேண்டியது 1, 2 எண்காரர்களை மட்டுமே. 5-ஐக் கூப்பிட்டால் எதிராளிக்கு வேலை செய்கிறீர்கள்.