சர்க்கரைக்கு மூலிகை: வேலூர்ப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஜவ்வாது மலைச் சிறுகுறிஞ்சானும் ஏரிக்கரை ஆவாரம்பூவும் வேலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று சொல்லித்தான் பெரியவர்கள் கஷாயத்தைக் கையில் கொடுப்பார்கள். இந்தச் செடிகளுக்குக் குணம் உண்டு என்றே நானும் நம்புகிறேன். குணம் உள்ள பொருள் என்பதால்தான் அளவும் கண்காணிப்பும் வேண்டும் என்கிறேன்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கஷாயம் ஆரம்பித்த கையோடு மாத்திரையை நிறுத்துவது. இன்சுலினை நிறுத்துவது அதைவிடக் கொடுமை. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலின் நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். எந்த இலையும் அந்த இடத்தை நிரப்பாது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. மாத்திரையும் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் சொல்லாமல் பாகற்காய்ச் சாறும் வெந்தயப் பொடியும் சேர்ப்பார்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அதைப் பசி மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது. உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள். மணலைப் போட்டதுபோல இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் மறைப்பதால் அப்படி. 'நாக்கிலேயே சர்க்கரை செத்துப்போச்சு, ரத்தத்தில் நிற்குமா?' என்று பலர் கேட்கிறார்கள். நாக்கில் நடப்பதை வைத்து ரத்தத்தில் நடப்பதைச் சொல்லவே முடியாது. ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். அதுதான் பேச வேண்டும்.

'ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதில் பெரும்பகுதி எலிகள் மேல் செய்த சோதனை. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டு எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைப்பார்கள். பிறகு ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாரத்தை, கிலோ எடைக்கு 200, 400 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். நாம் தண்ணீரில் கொதிக்க வைக்கும் கஷாயம் அந்தச் சாரமே அல்ல. அளவையும் அப்படியே பெருக்கக் கூடாது. எலிக்கான அளவை மனிதருக்கு மாற்றும்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைப்பார்கள். செடியிலிருந்து மருந்து வரை உள்ள தூரத்துக்கு, சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையே சாட்சி. கலேகா என்ற ஐரோப்பியச் செடியிலிருந்த பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நச்சுத்தன்மை அதிகம். அதற்கு உறவான மெட்ஃபார்மினை 1922-ல் ஆய்வகத்தில் தயாரித்தார்கள். சர்க்கரைக்கு அது பயன்படுவதை பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் வெளியிட்டது 1957-ல்.

பேர், தேதி, உரிம எண் எதுவும் இல்லாத பொடிப் பொட்டலத்தை வாங்காதீர்கள். இரண்டே நாளில் சர்க்கரை சடசடவென்று இறங்கினால் முதலில் சந்தேகப்படுங்கள். மூலிகை என்று விற்ற பொடிகளில் ஆங்கில மாத்திரையை அரைத்துக் கலந்திருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. சிலவற்றில் ஈயமும் இருந்திருக்கிறது.

கர்ப்பிணிகளும், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்களும் தாங்களாகவே எதையும் தொடங்க வேண்டாம். மற்றவர்கள் அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவில் கேளுங்கள். போகும்போது இப்போது போடும் மாத்திரைச் சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துப்போங்கள். அங்கே கொடுக்கும் சூரணத்தின் பெயரை எழுதி வாங்கி, உங்கள் சர்க்கரை டாக்டரிடமும் காட்டுங்கள்.