கணக்கில் நீங்கள் செய்யாத பரிவர்த்தனையா? மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள்

நீங்கள் செய்யாத பணப் பரிமாற்றம் பற்றி குறுஞ்செய்தி வந்ததும் வங்கியின் உதவி எண்ணில் அழைத்து கார்டையோ நெட்பேங்கிங்கையோ முடக்குங்கள். அதோடு நிறுத்தாமல், அன்றே மின்னஞ்சலிலும் புகார் அனுப்பி, புகார் எண்ணையும் நேரத்தையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வழக்கே இந்த நேரத்தைச் சுற்றித்தான் நடக்கும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் (வந்த நாள் கணக்கில் சேராது) புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழும். அதற்கும் மேல் தாமதித்தால் அந்த வங்கியின் சொந்தக் கொள்கைதான். வங்கியின் குறைபாடு என்றால் இந்த நாள் கணக்கே கிடையாது. புகார் கிடைத்த 10 வேலை நாளுக்குள் பணத்தைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்குத்தான். கிளையில் இதைச் சொல்லிக் கேட்டால்தான் அங்குள்ளவர்களுக்கு நினைவு வரும்!

ஓ.டி.பி., பின் எண்ணை நீங்களே சொல்லியிருந்தால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஆனாலும், புகார் செய்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ஏமாந்து நீங்களே அனுப்பிய பணத்துக்கு உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம்.