மாட்யூல்களின் எல்லை தவறிய இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

புரோகிராமின் ஒரு மாட்யூலை (தனிப் பகுதியை) திருத்தினால் சம்பந்தமே இல்லாத இன்னொன்று உடைகிறதா? எல்லையைத் தவறான இடத்தில் பிரித்திருக்க வாய்ப்பு அதிகம். அதை உறுதி செய்ய இம்போர்ட் வரிகளையும் (ஒரு மாட்யூல் இன்னொன்றைப் பயன்படுத்த எழுதும் வரிகள்) கிட் வரலாற்றையும் (கோடில் செய்த மாற்றங்களின் பதிவு) பார்த்தால் போதும்.

முதலில் எது எதை இம்போர்ட் செய்கிறது என்று வரைபடம் எடுங்கள். ஜாவாவுக்கு ஜேடெப்ஸ், ஜாவாஸ்கிரிப்டுக்கு மேட்ஜ் என்ற கருவிகள் உதவும். ஆர்டர் மாட்யூல் பில்லிங் மாட்யூலையும், பில்லிங் ஆர்டரையும் இம்போர்ட் செய்தால் அது சுழற்சி. கோ மொழியில் இப்படிப்பட்ட பேக்கேஜ்கள் கம்பைலே ஆகாது. பைத்தானில் பல நேரம் தப்பிவிடும். அதனால் ஃபங்ஷனுக்குள் எழுதப்பட்ட இம்போர்ட்டுகளைத் தேடுங்கள். சுழற்சியைத் தவிர்க்கத்தான் பலரும் அப்படி எழுதுகிறார்கள்.

அடுத்து நிலையின்மை அளவு. இது 0-க்கு அருகில் இருந்தால் மாட்யூல் நிலையானது, 1-க்கு அருகில் இருந்தால் எளிதில் மாறக்கூடியது. ஒரு மாட்யூல் சார்ந்திருப்பவற்றின் எண்ணிக்கையை, அதோடு அதைச் சார்ந்திருப்பவற்றையும் கூட்டி வரும் மொத்தத்தால் வகுக்க வேண்டும். ‘காமன்’ மாட்யூலை 18 மாட்யூல்கள் பயன்படுத்துகின்றன, அது 2 மாட்யூல்களைப் பயன்படுத்துகிறது என்றால் 2/20, அதாவது 0.1. அந்த இரண்டில் ஒன்று 0.8 உள்ள ‘ரிப்போர்ட்’ என்றால், நிலையானது எளிதில் மாறக்கூடியதைச் சார்ந்திருக்கிறது, அதாவது சார்பு தலைகீழாக இருக்கிறது. ரிப்போர்ட்டில் செய்யும் மாற்றம் 18 இடங்களையும் தொடக்கூடும்.

இம்போர்ட்டில் சிக்காத கோளாறுகள்தான் ஆபத்தானவை. கிட் லாகை நேம்-ஒன்லி ஆப்ஷனோடு ஆறு மாதத்துக்கு எடுங்கள். 30 ஃபைலுக்கு மேல் தொட்ட கமிட்டுகளை (ஒரே தடவையில் பதிவு செய்த மாற்றங்களை) விட்டுவிடுங்கள். அவை பெரும்பாலும் ஃபார்மேட்டிங், பெயர் மாற்றம். ஒரே வேலையைப் பல கமிட்டாகப் பிரிக்கும் குழு என்றால் டிக்கெட் எண்படி தொகுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜோடிகள் தெரியாது. பிறகு வெவ்வேறு மாட்யூல்களைச் சேர்ந்த இரண்டு ஃபைல்கள் எத்தனை முறை சேர்ந்தே மாறியிருக்கின்றன என்று எண்ணுங்கள். 20 முறை மாறிய ஃபைலோடு இன்னொன்று 12 முறை மாறியிருந்தால் இரண்டையும் திறந்து பாருங்கள். வழக்கமாகக் கிடைப்பது இதுதான்: பில்லிங் ஒரு டேபிளில் ‘பெய்ட்’ என்ற ஸ்டேட்டஸை எழுதுகிறது, டெலிவரி அதே டேபிளை நேரடியாகப் படித்து அந்தச் சொல்லைத் தேடுகிறது. நடுவில் இம்போர்ட்டே இல்லை. ஆனால் சொல்லை மாற்றினால் எந்த எர்ரரும் வராமல் டெலிவரி நின்றுவிடும். டேபிளைப் பில்லிங்கிடமே விட்டு, ‘பணம் கட்டியாயிற்றா’ என்று கேட்க ஒரு ஃபங்ஷனை வெளியே கொடுங்கள்.

திருத்திய எல்லையை சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) விதியாக்குங்கள். பைத்தானுக்கு இம்போர்ட் லிண்டர் என்ற கருவி இருக்கிறது. பழைய மீறல்களை விலக்குப் பட்டியலில் போட்டு, புதிய மீறல் வந்தால் மட்டும் பில்ட் தோற்கும்படி வையுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் தடுத்தால் குழு விதியையே அணைத்துவிடும்.